குளத்து நடுவுல பழைய பங்களா விலைக்கு வருது, வாங்கலாமா வக்கீலம்மா?

கேள்வி கேட்டவர் பாளையங்கோட்டைக்காரர், வயசு 54. மஸ்கட்ல இருபது வருஷத்துக்கு மேல வேலை பாத்துட்டு இப்ப ஊரோட வந்துட்டாரு. பேரு, குளத்தோட பேரு, ஊரு எதுவும் போட வேண்டாம்னு கேட்டுக்கிட்டாரு, போடல. நீளமா எழுதி, கூடவே பட்டா நகல், ஒரு பழைய பத்திரத்தோட ஜெராக்ஸ், கொஞ்சம் போட்டோவும் அனுப்பியிருக்காரு. விஷயம் சுருக்கமா இதுதான்.

தாமிரபரணி பாசனத்துல ஒரு பெரிய குளம், அதுக்கு நடுவுல ஒரு பாறைத் திட்டு. திட்டு மேல மருதமரம், புளியமரத்துக்கு ஊடால ஒரு பழைய பங்களா. சுத்தி வராந்தா, மங்களூர் ஓடு, தேக்கு உத்தரம். 1934ல கட்டுனது, ஜமீன் காலத்துல வேட்டைக்கு வர்றவங்க தங்குன எடம்னு புரோக்கர் சொல்லுதாரு. 1934ல வாங்குனதா சொல்லப்படுறவர் 1963ல இறந்துட்டாரு, இப்ப விக்கிறது அவரோட பேரப்பிள்ளைங்க நாலு பேரு, மூணு பேரு சென்னையில, ஒருத்தர் சிங்கப்பூர்ல. நாலு பேருக்கும் சேத்து ஒருத்தர் பவர் வாங்கி வச்சிருக்காரு. 3 ஏக்கர் 20 சென்ட், விலை 1 கோடியே 35 லட்சம். மச்சான் மூலமா வந்த புரோக்கர். 50,000 ரூவா டோக்கன் ஜிபேல போயாச்சு. இந்த மாசக் கடைசிக்குள்ள 15 லட்சம் அட்வான்ஸ், அதுக்கு 20 ரூவா பத்திரத்துல ஒரு அக்ரிமென்ட். கெரயப் பத்திரத்துல கைடுலைன் மதிப்புக்கு (பதிவுக்கு அரசு வச்சிருக்க விலை) 30 லட்சம்னு போட்டுட்டு மிச்சத்தை ரொக்கமா குடுக்கணுமாம். வாங்கி, கடைசிக் காலத்துல அங்கனயே இருந்துக்கிடலாம், ரெண்டு ரூமை ஹோம்ஸ்டேயா விடலாம்னு இவருக்கு ஆசை. வீட்டம்மா வேண்டவே வேண்டாம்கறாங்க.

அவர் கேக்கது மூணு. பட்டா, தீர்வை ரசீது, கரண்ட் கனெக்‌ஷன் மூணும் இருக்குல்லா, வேற என்ன வேணும்? திட்டுன்னா தண்ணிக்கு மேல இருக்கது, அது குளத்துல சேராதுதானே? தொண்ணூறு வருஷப் பழைய கட்டடத்தை கவர்மென்ட்டு இடிக்க முடியாதுதானே?

அண்ணாச்சி, மொதல்ல ஒண்ணு சொல்லிடுதேன். அந்த போட்டோவைப் பாத்தா எனக்கே ஆசையாத்தான் இருக்கு. மேற்க பொதிகை மலை, சுத்தித் தண்ணி, பக்கத்து வீட்டு மிக்ஸி சத்தம் கூட கேக்காது. ஆனா நீங்க எழுதுன நாலு பக்கத்துல மூணு பக்கம் பங்களாவைப் பத்தித்தான் இருக்கு. உத்தரம், வராந்தா, கதவுல இருக்க பித்தளைக் கொண்டி எல்லாம் வந்துருச்சு, அந்த மண்ணு யாரோடது, அங்க போறதுக்கு வழி யாரோடதுங்கறதுக்கு ரெண்டே வரிதான். குளத்து நடுவுல இருக்க எடத்துக்கு அந்த ரெண்டு வரிதான் 1 கோடியே 35 லட்சம், கட்டடம் சும்மா கூட வர்றது. நீங்க அனுப்புன பேப்பரையே வச்சு நான் பாத்ததைச் சொல்லுதேன்.

பட்டாவுல எத்தனை ஏக்கர் இருக்குன்னு பாத்தீங்களா?

பட்டா நகல்ல விஸ்தீரணம் 0.56.50 ஹெக்டேர்னு போட்டிருக்கு. ஒரு ஹெக்டேர்னா ஏறக்குறைய 2 ஏக்கர் 47 சென்ட். கணக்கு போட்டா உங்க பட்டாவுல இருக்கது 1 ஏக்கர் 40 சென்ட்தான், அதுவும் ஒரு துளி கம்மியா. நீங்க காசு குடுக்கப் போறது 3 ஏக்கர் 20 சென்ட்டுக்கு. மிச்சம் 1 ஏக்கர் 80 சென்ட் எங்க? பழைய பத்திரத்துல இருக்குன்னு புரோக்கர் சொல்லுவாரு. இருக்கலாம், ஆனா சர்வேயில அது குளத்தோட நம்பருக்குள்ள கெடக்குன்னுதான் அர்த்தம். கோடையில தண்ணி வத்துனதும் திட்டு பெருசாத் தெரியும்லா, அந்தக் கணக்கா இருக்கும். தண்ணிக்குள்ள முங்குற எடத்துக்கும் சேத்து சென்ட்டுக்கு விலை போட்டிருக்காங்க.

சரி, அந்த 1 ஏக்கர் 40 சென்ட்டாவது சுத்தமானு கேட்டா, அதையும் பட்டாவை மட்டும் வச்சுச் சொல்ல முடியாது. பட்டாங்கறது வருவாய்த்துறை தீர்வை வசூல் பண்ண வச்சிருக்க கணக்கு. அதுல பேரு இருக்கதாலேயே ஒருத்தர் சொந்தக்காரர் ஆயிட மாட்டாருன்னு கோர்ட்ல திரும்பத் திரும்பச் சொல்லியாச்சு. அதுவும் நம்ம பக்கத்துல 1979ல இருந்து 1987 வரைக்கும் நடந்த யூடிஆர் சர்வேயில (நிலப் பதிவேட்டைப் புதுப்பிச்ச மறு சர்வே) வெளையாடுன வெளையாட்டு கொஞ்சநஞ்சமில்ல, புறம்போக்கு தனியார் பேருல ஏறியிருக்கு, தனியார் நிலம் புறம்போக்கா போயிருக்கு, இன்னிக்கு வரைக்கும் டிஆர்ஓ (மாவட்ட வருவாய் அலுவலர்) ஆபீஸ்ல அந்தக் கேஸுதான் குமிஞ்சு கெடக்கு. அப்படித் தப்பா ஏறுன பட்டாவை எத்தனை வருஷம் கழிச்சும் டிஆர்ஓ விசாரிச்சு ரத்து பண்ணலாம்.

அதனால உங்களுக்கு வேண்டியது யூடிஆருக்கு முன்னாடி இருந்த பழைய செட்டில்மென்ட் ஏ ரிஜிஸ்டர், ஒவ்வொரு சர்வே நம்பரும் என்ன வகை நிலம்னு எழுதி வச்ச கிராமப் பதிவேடு. அதுல அந்த சர்வே நம்பருக்கு நேரா என்ன எழுதியிருக்குன்னு பாக்கணும். 'ரயத்துவாரி புஞ்சை'ன்னு (தனியார் பட்டா புஞ்சை) இருந்து ஒரு பட்டாதாரர் பேரும் இருந்தா நல்லது, அடுத்த வேலைக்குப் போகலாம். 'குளம் புறம்போக்கு'ன்னோ 'பாறை புறம்போக்கு'ன்னோ இருந்தா அதோட கதை முடிஞ்சுது, கெரயம் பதிவே ஆனாலும் அது வெறும் காயிதம்தான். தாலுகா ஆபீஸ்ல நகல் கேளுங்க, இழுத்தடிச்சா தகவல் உரிமைச் சட்டத்துல 10 ரூவா கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி ஒரு மனுவைத் தட்டி விடுங்க, 30 நாளைக்குள்ள பதில் தந்தாகணும். கூடவே எஃப்எம்பின்னு சொல்ற சர்வே நம்பரோட அளவு வரைபடமும் வாங்கி, திட்டு தனி உட்பிரிவா வெட்டியிருக்கா, இல்ல குளத்தோட நம்பருக்குள்ள ஒரு ஓரமா கெடக்கானு பாருங்க.

திட்டு குளத்துல சேராதுங்கறீங்க. சேரவும் செய்யும், சேராமலும் இருக்கும், அதை முடிவு பண்றது தண்ணி இல்ல, அந்த ரிஜிஸ்டர்தான். குளத்து உள்வாயிலயே, அதாவது தண்ணி தேங்குற உள்பக்கத்துலயே, பட்டா நிலம் இருக்க ஊரு நம்ம பக்கம் உண்டு, அது செல்லும். ஆனா அப்படிப்பட்ட நிலத்துலகூட தண்ணி தேங்குறதைத் தடுக்க முடியாது, மண்ணடிச்சு ஒசத்த முடியாது, செவரு எழுப்ப முடியாது. குளம்னு ஆயிருச்சுன்னா 2007ல வந்த குளங்கள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றுதல் சட்டம் இருக்கு, எல்லையை அளந்து நோட்டீஸ் குடுத்து எடுத்துருவாங்க.

அப்பறம் எழுபது எம்பது வருஷ அனுபோகம் இருக்குன்னு புரோக்கர் சொன்னதா எழுதியிருக்கீங்க. 2011ல ஜக்பால் சிங் வழக்குல சுப்ரீம் கோர்ட் தெளிவாவே சொல்லிருச்சு. ஊர்ப் பொதுக் குளத்துல எத்தனை வருஷம் இருந்தாலும், எவ்வளவு செலவழிச்சுக் கட்டியிருந்தாலும், அரசியல்ல யாரைத் தெரிஞ்சிருந்தாலும் அதையெல்லாம் ஒரு காரணமா எடுத்துக்கிடக் கூடாதுன்னு. நம்ம ஹைகோர்ட் மதுரைக் கிளையில குளம் சம்பந்தமா ஒரு பொதுநல மனு விழுந்தா கலெக்டர்ல இருந்து விஏஓ வரைக்கும் பதில் சொல்லணும், அப்ப யாரும் உங்க பங்களாவுல எத்தனை தேக்கு உத்தரம் இருக்குன்னு எண்ணிக்கிட்டு இருக்க மாட்டாங்க.

அந்தத் தீர்வை ரசீதை எடுத்து இன்னொரு தடவை பாருங்க

ரசீது போட்டோவுல பாதி மடிஞ்சு கெடக்கு, ஆனா மேல ஓரத்துல 'பி மெமோ'ன்னு எழுதியிருக்க மாதிரி எனக்குத் தெரியுது. நேர்ல பாத்து உறுதி பண்ணிக்கோங்க. அது பி மெமோ ரசீதா இருந்தா தீர்வை கெடையாது, அபராதம். 1905ஆம் வருஷத்து நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி, அரசு நிலத்துல உக்காந்திருக்கவங்ககிட்ட வசூல் பண்றது. எங்க தாத்தா காலத்துல இருந்து வரி கட்டுதோம்னு பெருமையா நீட்டுவாங்க, உண்மையில அது இந்த நெலம் எங்களோடது இல்லன்னு வருஷா வருஷம் அவங்களே கட்டி வச்ச சாட்சி. புரோக்கருக்கும் இது தெரியும், தெரியாம இருக்காது.

கரண்ட் கனெக்‌ஷன், வீட்டு வரி ரெண்டுமே உரிமைக்கு ஆதாரம் இல்ல. புறம்போக்குல இருக்க வீட்டுக்கும் கரண்ட் குடுக்கத்தான் செய்யுதாங்க. அதை விட்டுருவோம்.

மொதப் பக்கம் இல்லாத பத்திரம்

1934 பத்திரம்னு நீங்க அனுப்புன ஜெராக்ஸ் ரெண்டாம் பக்கத்துல இருந்துதான் ஆரம்பிக்குது. மொதப் பக்கத்துலதான் அது கெரயமா, குத்தகையா, அடமானமான்னே இருக்கும். ஒங்களுக்கு அது சின்ன விஷயமாத் தெரிஞ்சிருக்கலாம், என் கண்ணுல மொதல்ல பட்டதே அதுதான். ஜமீன்ல இருந்து வாங்குனதுன்னு சொல்லப்படுற பழைய எடம் நெறைய, நல்லா தோண்டிப் பாத்தா குத்தகையாத்தான் இருக்கும். மாஞ்சோலை எஸ்டேட்டையே எடுத்துக்கோங்க, சிங்கம்பட்டி ஜமீன் 1929ல 8,373 ஏக்கர் காட்டை பாம்பே பர்மா கம்பெனிக்குக் குடுத்தது 99 வருஷக் குத்தகைக்கு, 2028ல முடியுது. அங்கயும் அருமையான பங்களால்லாம் இருக்கத்தான் செய்யுது, ஒரு ஓடு கூட யாருக்கும் கெரயமா எழுதிக் குடுக்க முடியாது. ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948ல வந்தப்பறம், ஜமீன்கிட்ட இருந்த குளம், காடு, புறம்போக்கு எல்லாம் கவர்மென்ட்டுக்குப் போயிருச்சு. அதுக்கு முன்னாடி ஜமீன் எழுதிக் குடுத்தது என்னவா இருந்துச்சு, அதுக்கப்பறம் செட்டில்மென்ட்ல இந்தக் குடும்பத்துக்குப் பட்டா கெடைச்சுதான்னு ஒரு சங்கிலி அறுபடாம வரணும்.

ஜெராக்ஸ்ல நம்பரும் வருஷமும் தெரியுது. சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல அந்த நம்பரைச் சொல்லி நீங்களே சர்டிஃபைடு காப்பி போடலாம், உங்க கெரயமா இருக்கணும்னு அவசியம் இல்ல, காசு கட்டினா குடுப்பாங்க. வில்லங்கமும் ஆன்லைன்ல வந்த மட்டும் போதும்னு விட்டுறாதீங்க, பழைய புத்தகத்தைத் தேடச் சொல்லி 1934ல இருந்து மானுவல் ஈசி (வில்லங்கச் சான்று) போடுங்க. முப்பது வருஷ ஈசியில ஒண்ணும் இல்லன்னு வந்திருக்கது, எடம் சுத்தம்னு காட்டல, முப்பது வருஷமா யாரும் பத்திரம் போடலன்னுதான் காட்டுது. இன்னொண்ணு, எடம் கோயில் நிலமா, மடத்து நிலமான்னும் பாத்துக்கோங்க. தாமிரபரணி கரையில நெறைய சர்வே நம்பர் சாமி பேருல இருக்கு, அறநிலையத்துறை கமிஷனர் உத்தரவு இல்லாம அதை விக்கவே முடியாது.

வழி எங்க?

நீங்க போய்ப் பாத்தது சித்திரையில. குளம் வத்திக் கெடந்துச்சு, கரையில இருந்து எறங்கி உள்வாய்க்குள்ள அம்பது அறுபது மீட்டர் காரை ஓட்டி நேரா வாசப்படியில நிப்பாட்டினோம்னு எழுதியிருக்கீங்க. கார் போன அந்த எடம் குளத்தோட தரை. அதுக்கு முன்னாடி ஏறி வந்தது குளத்துக் கரை, நீர்வளத்துறைக்குச் சொந்தம். ரெண்டுலயும் உங்களுக்கோ விக்கறவங்களுக்கோ பாத்தியதை எதுவும் இருக்க மாதிரி ஒரு பேப்பரும் இல்ல. இதுல வேடிக்கை என்னன்னா அந்த 1934 பத்திரத்துலயே நாலு மால் (நாலு பக்க எல்லை) எழுதியிருக்காங்க: வடக்க குளத்து உள்வாய், தெக்க குளத்து உள்வாய், கெழக்க, மேக்க அதேதான். போக்குவரத்துப் பாதைன்னு ஒரு வார்த்தை இல்ல. அந்தக் காலத்துலேயே வழி இல்லாமத்தான் எழுதியிருக்காங்க, வள்ளத்துல போயிருப்பாங்க.

இவ்வளவு நாளா நடந்த வழிதானே, அது உரிமை ஆயிருக்காதானு கேப்பீங்க. 1882ஆம் வருஷத்து வசதியுரிமைச் சட்டத்துல அனுபோக வழி உரிமை இருக்கு. தனியார் நிலத்து மேலன்னா 20 வருஷம், அரசு நிலத்து மேலன்னா 30 வருஷம், தடையில்லாம, பகிரங்கமா, உரிமைன்னு சொல்லி நடந்திருக்கணும். அதுவும் தானா வராது, கேஸ் போட்டு கோர்ட்ல நிரூபிச்சு வாங்கணும். ஆள் குடியிருக்கது நின்னே ரொம்ப வருஷமாச்சுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, பின்ன யாரு தெனமும் நடந்திருப்பா? நாளைக்கு குளத்தைத் தூர் வாருதோம்னு ஜேசிபி வந்து உங்க கார் போற தடத்துல ரெண்டு ஆள் ஆழத்துக்கு மண்ணை அள்ளிட்டுப் போனா, தடுக்கறதுக்கு உங்க கையில ஒண்ணும் இருக்காது. பாலம் போடலாம்னு மச்சான் சொன்னாராமே, குளத்துக்குள்ள தனியார் பாலத்துக்கு நீர்வளத்துறை அனுமதி குடுக்கும்னு நம்பி நான் ஒரு ரூவா போட மாட்டேன்.

வள்ளம் விடலாம்தான். ஆனா தண்ணி ஒங்களோடது இல்ல, மீன்பாசி குத்தகை எடுத்தவங்க வலை கெடக்கும், பத்துக்காரங்க (அந்தக் குளத்துத் தண்ணியில வயல் வச்சிருக்கவங்க) மடையத் தொறக்கணும் அடைக்கணும்னு அவங்க கணக்குல இருப்பாங்க. ஹோம்ஸ்டேக்கு வந்த ஆளு ராத்திரி பாட்டுப் போட்டு பாட்டிலைத் தண்ணியில வீசுனா, அடுத்த நாள் காலையில கரையில ஊரே நிக்கும். நிக்கத்தான் செய்வாங்க, அது அவங்க வயலுக்குப் போற தண்ணி.

மதினி வேண்டாம்னு சொன்னதை நீங்க பொம்பளைங்க பயம்னு ஒரு வரியில தள்ளிட்டீங்க. அவங்க கேட்ட கேள்வியை நானும் கேக்கேன். பிசான நெல்லுப் பருவத்துக்குக் குளம் பெருகிக் கெடக்கப்ப, கார்த்திகை மாசம் ராத்திரி ரெண்டு மணிக்கு உங்களுக்கு நெஞ்சு வலிச்சா 108 கரை வரைக்கும்தான் வரும். அதுக்கப்பறம் யாரு வள்ளம் வலிச்சு உங்களை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறது?

செவத்துல இருக்க அந்தக் கோடு

ஆறாவது போட்டோ, பின்பக்கச் செவரு. முழங்கால் உயரத்துக்குக் கொஞ்சம் மேல பழுப்பா ஒரு கோடு தெரியுதுல்லா, ஓதம் (செவத்துல ஏறுற ஈரம்)னு புரோக்கர் சொன்னதா எழுதியிருக்கீங்க. ஓதம்னா செவத்துல மேலயும் கீழயுமா திட்டுத் திட்டா ஏறும், காரை உப்புப் பூத்து உதிரும். இது மூலைக்கு மூலை ஒரே மட்டத்துல, நூல் புடிச்ச மாதிரி ஓடுது, ஜன்னல் சட்டத்துலயும் அதே உயரத்துல கறை இருக்கு. தண்ணி வந்து நின்னு வடிஞ்ச அடையாளம் அது. 2023 டிசம்பர் 17, 18ல பெஞ்ச மழையை நீங்க மஸ்கட்ல இருந்து டிவியில பாத்திருப்பீங்க, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர், நம்ம மாவட்டத்துல எத்தனை குளம் ஒடைஞ்சுச்சு. அன்னிக்கு இந்தத் திட்டுல தண்ணி எங்க நின்னுச்சுன்னு புரோக்கரைக் கேக்காதீங்க. மடை பாக்குற ஆளைத் தேடிப் போய் கேளுங்க, மறுகால் பாயும்போது (குளம் நெறைஞ்சு உபரித் தண்ணி வெளிய போறப்ப) திட்டு எவ்வளவு வெளிய தெரியும்னு அவர் ஒரு நிமிஷத்துல சொல்லிருவாரு. கோடையில பாத்து வாங்குற எடம் இல்ல இது, குளம் பெருகி மறுகால் போற நாள்லயும் ஒரு தடவை கரையில நின்னு பாக்கணும்.

பழைய கட்டடம்னா இடிக்க மாட்டாங்களா?

இது தப்பான நம்பிக்கை அண்ணாச்சி. வயசானதுனால மட்டும் ஒரு கட்டடத்துக்குச் சட்டப் பாதுகாப்பு வந்துறாது. மத்தியச் சட்டம் 1958, மாநிலச் சட்டம் 1966, ரெண்டுலயும் அரசு அறிவிச்சாத்தான் அது பாதுகாக்கப்பட்ட சின்னம். உங்க பங்களாவுக்கு அப்படி அறிவிப்பு இருக்கறதா அவங்களே சொல்லல. இருந்திருந்தா உங்களுக்குக் கஷ்டம்தான், ஒரு ஆணி அடிக்கவும் அனுமதி கேட்டு நிக்கணும். அப்பறம் 1934ங்கறதுக்கு ஆதாரமா ஓட்டுல இருக்க பாசல் மிஷன் முத்திரையைச் சொல்லியிருக்காங்க. மங்களூர்ல 1865லயே ஆரம்பிச்ச ஓட்டு ஃபேக்டரி அது, அந்த ஓடு எங்க கெடைச்சாலும் கழட்டி இன்னொரு வீட்டுக்குப் போடுறது அப்பவும் உண்டு இப்பவும் உண்டு. முத்திரை ஓட்டோட வயசுக்குச் சாட்சி சொல்லும், வீட்டோட வயசுக்குச் சொல்லாது.

உள்ள பூஜை ரூம்ல ஒரு கல் சிலையும் ஏடும் இருக்கு, அதையும் சேத்துத் தாராங்கன்னு சந்தோஷமா எழுதியிருக்கீங்க. அதை மட்டும் தொட்டுறாதீங்க. 1972 தொல்பொருள் சட்டப்படி 100 வருஷத்துக்கு மேல ஆன சிலையும் 75 வருஷத்துக்கு மேல ஆன சுவடியும் தொல்பொருள், பதிவு இல்லாம கைமாத்துனா சிலைக் கடத்தல் கேஸ்ல உங்க பேரும் வரும்.

மரத்துல நாரை கூடு கட்டியிருக்கதும் போட்டோவுல தெரியுது. வனவிலங்குச் சட்டத்துல கூட்டைக் கலைக்கறதும் குத்தம்தான். கூந்தன்குளத்துல பறவைக்காக தீவாளிக்கு வெடி போடாம இருக்க சனம் நம்ம சனம், நீங்க மரத்தை வெட்டி பார்க்கிங் போட்டா சும்மா இருக்க மாட்டாங்க.

யாரு யாரு கையெழுத்துப் போடணும்?

பேரப்பிள்ளைங்க நாலு பேருன்னு சொன்னீங்க. அந்தப் பெரியவருக்கு ரெண்டு பொண்ணும் உண்டு, கட்டிக் குடுத்தாச்சு, அதனால பங்கு இல்லைன்னு புரோக்கர் சொன்னாராம். அவர் இறந்தது 1963. அவர் இந்துன்னா 1956 வாரிசுரிமைச் சட்டப்படி, அவர் சொந்தமா வாங்குன சொத்துல பொண்ணுக்கும் பையனுக்கும் சமபங்கு, கட்டிக் குடுத்தாலும் சரி குடுக்கலைன்னாலும் சரி. கிறிஸ்தவர்னா 1925 சட்டம், அதுலயும் சமபங்கு. முஸ்லிம்னாலும் பங்கு உண்டு, அளவுதான் வேற. ஆக அந்த ரெண்டு பொண்ணோட வாரிசுங்க எல்லாரும் கையெழுத்துப் போட்டாகணும், இல்லன்னா நீங்க குடிபோன ரெண்டாம் வருஷம் பாகப்பிரிவினை கேஸுக்கு சம்மன் வரும்.

பவர் வச்சிருக்கவர்கிட்ட பவர் பதிவு ஆயிருக்கா, ரத்து ஆகலையா, எழுதிக் குடுத்தவங்க எல்லாரும் உயிரோட இருக்காங்களான்னு பாக்கணும், ஒருத்தர் செத்துட்டா அவர் பங்குக்கு பவர் அதோட போச்சு. முடிஞ்சா பவரை விட்டுட்டு நேர்லயே வந்து கையெழுத்துப் போடச் சொல்லுங்க, 1 கோடியே 35 லட்சத்துக்கு சென்னையில இருந்து நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறி வர மாட்டாங்களா என்ன.

பணம் குடுக்குற விதம்

15 லட்சத்தை 20 ரூவா பத்திரத்துல குடுக்காதீங்க. தமிழ்நாட்டுல 2012 டிசம்பர்ல இருந்து கெரய அக்ரிமென்ட்டையும் பதிவு பண்ணியாகணும். பதிவு வேண்டாம், செலவுன்னு ஒருத்தர் சொன்னா அவருக்கு அந்த எடத்தை இன்னொருத்தர்கிட்டயும் காட்ட வேண்டியிருக்குன்னு எடுத்துக்கோங்க.

கைடுலைனுக்கு 30 லட்சம், மிச்சம் ரொக்கம்கற யோசனை உங்களுக்கு எந்த வகையிலயும் லாபம் இல்ல. பத்திரச் செலவு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம், முழு விலைக்கும் போட்டா 12 லட்சத்து 15 ஆயிரம். அதை மிச்சம் புடிக்கப் போய் நாளைக்கு பட்டா ரத்து ஆச்சுன்னு வைங்க, விக்கறவங்ககிட்ட நீங்க திருப்பிக் கேக்க முடிஞ்சது பத்திரத்துல இருக்க 30 லட்சம்தான், 1 கோடியே 5 லட்சத்துக்கு சாட்சி புரோக்கர் மட்டும்தான். நீங்க இருபது வருஷம் வெயில்ல நின்னு சம்பாதிச்சு பேங்க் வழியா கொண்டு வந்த சுத்தமான காசு, அதைப் போய் ஏன் கறுப்பாக்கணும்? 50 லட்சத்துக்கு மேலன்னா விக்கறவங்களுக்குக் குடுக்குற பணத்துல 1 சதவீதம் டிடிஎஸ்னு வருமானவரி வேற புடிக்கணும், சிங்கப்பூர்க்காரர் பங்குக்கு அதைவிட கூடுதல் வீதம், புடிக்காம விட்டா வருமானவரிக்காரங்க உங்களைத்தான் கேப்பாங்க. ஆடிட்டரைப் பாத்துக்கோங்க.

இப்ப என்ன செய்யலாம்

இன்னிக்கு இருக்க பேப்பரை வச்சு கேட்டா, வாங்காதீங்கன்னுதான் சொல்லுவேன். ஆனா கதவை மொத்தமா சாத்த வேண்டாம். புரோக்கர்கிட்ட நாலே நாலு கேளுங்க: பழைய செட்டில்மென்ட் ஏ ரிஜிஸ்டர் நகல், 1934 பத்திரத்தோட மொதப் பக்கம், பெரியவரோட எல்லா வாரிசும் இருக்க வாரிசுச் சான்று, அந்தத் திட்டும் பாதையும் சம்பந்தமா நீர்வளத்துறை குடுத்த ஏதாவது ஒரு எழுத்து. இதைக் குடுத்தா மாசக் கடைசி கெடு எல்லாம் பொறகு பேசுவோம்னு சொல்லுங்க. வேற பார்ட்டி ரெடியா இருக்குன்னு மெரட்டினா, சந்தோஷமா அந்தப் பார்ட்டிக்கே குடுக்கச் சொல்லிருங்க.

கையில காசு இருந்தாலும் ஒரு பேங்க்ல லோனுக்கு எழுதிப் போடுங்க, லோன் எடுக்கணும்னு இல்ல. பேங்க் பேனல் வக்கீல் கெளறுற மாதிரி சொந்தக்காரனும் கெளற மாட்டான். பாதை இல்லாத எடத்துக்கு பேங்க் காசு குடுக்கவும் யோசிக்கும், அந்த யோசனையை நீங்க ஓசியில வாங்கிக்கிடலாம்.

பேப்பர் எல்லாம் சுத்தமா வந்துச்சுன்னா, 1 ஏக்கர் 40 சென்ட்டுக்கு மட்டும் விலை பேசுங்க. பாதை இல்லாததுக்குக் குறைங்க. அட்வான்ஸை ரெண்டு லட்சத்துக்கு மேல போக விடாதீங்க, பதிவு பண்ணுன அக்ரிமென்ட்ல, உரிமையில குறை இருந்தா அட்வான்ஸ் வட்டியோட திரும்பணும்னு ஒரு ஷரத்து போடச் சொல்லுங்க. கெரயத்துக்கு முன்னாடி அரசு சர்வேயரை வச்சு அளந்து கல் நட்டாகணும், அதுவும் தண்ணி வத்துன நாள்ல.

பேப்பர் வரலன்னா, உங்களுக்கு வேண்டியது தண்ணியும் மலையும் அமைதியும்தானே, அதே குளத்துக்குக் கரையோரமா பஞ்சாயத்து ரோட்டு மேல பட்டா புஞ்சை எங்கயாவது கெடைக்குதான்னு பாருங்க. பட்டா தனியா, ரோடு தனியா தெளிவா இருக்க எடமா பாருங்க. சாயந்தரம் திண்ணையில உக்காந்து அந்தத் திட்டைப் பாத்துக்கிட்டே காப்பி குடிக்கலாம், மதினியும் சம்மதிப்பாங்க.

அந்த 50,000 டோக்கன். ஜிபே ஸ்கிரீன்ஷாட் இருக்கு, ஆனா எதுக்குன்னு எழுத்துல ஒண்ணும் இல்ல. இன்னிக்கே புரோக்கருக்கு வாட்ஸ்அப்ல, 'இன்ன சர்வே நம்பருக்கு டோக்கனா இன்ன தேதி 50,000 அனுப்பியிருக்கேன், பேப்பர் சரியில்லன்னா திருப்பித் தரணும்'னு ஒரு மெசேஜ் போடுங்க. அவர் 'சரி'ன்னு ஒரு வார்த்தை பதில் போட்டாலும் போதும். போடாம போன் பண்ணிப் பேசுனாருன்னா, பேசி முடிச்சதும் 'இப்ப போன்ல நீங்க இப்படிச் சொன்னீங்க'ன்னு மறுபடியும் எழுதிப் போட்டுருங்க. திருப்பித் தர மாட்டேன்னு நின்னா நோட்டீஸ் விடலாம், அதுக்கு அந்த மெசேஜ் வேணும்.